அம்மை நோய்களை அடையாளம் காட்டிய அபூபக்ர் அர்ராஸீ

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

அரபி மதரஸாவில் ஓதியவர்களிடம் ராஸீ என்று சொன்னால் உடனே நினைவுக்கு வருபவர் தஃப்ஸீருல் கபீரை எழுதிய இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) அவர்கள்தான். ஹதீஸ் கலையில் ஆழமாகப் படித்தவர்களுக்கு இமாம் அபூஹாத்திம் ராஸீ (ரஹ்) அவர்களும் அவர்களுடைய மகனார் இப்னு அபீஹாத்திம் (ரஹ்) அவர்களும் நினைவுக்கு வருவார்கள். ரய் என்ற ஊரைச் சேர்ந்தவர்களுக்கு அரபு மொழியில் ராஸீ என்று பெயர். இன்று ஈரானின் தலைநகர் தெஹ்ரானின் தென்பகுதியோடு ஒட்டிக் கிடக்கும் பழைய ஊர் அது.

நாம் இங்கே சொல்ல வருவது இவர்களில் எவரைப் பற்றியும் அல்ல. இமாம் ஃபக்ருத்தீன் ராஸீக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பு அதே ஊரில் பிறந்து, அதே ஊரில் மறைந்த ஒரு ஹகீமைப் பற்றி. அவர் பெயர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ. ஐரோப்பியர்கள் ரேஸஸ் என்று அழைத்தார்கள்.

இவருடைய வாழ்க்கையை இன்று நாம் எடுத்துப் பேசக் காரணம் உண்டு. முன்னோர் பெருமையைச் சொல்லி மகிழ்வதற்காக மட்டும் அல்ல. காய்ச்சலோடு படுத்திருக்கும் ஒரு குழந்தையை எப்படிப் பார்ப்பது, எந்த அடையாளத்தைக் கண்டால் பயப்படுவது, யாருக்கு நோய் அதிகம் ஆபத்து என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே உட்கார்ந்து எழுதியவர் அவர். அந்தப் பாடம் நம் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பது நம்முடைய வருத்தம்.

தாமதமாக வந்த கல்வி

அல்பீரூனீ எழுதி வைத்த குறிப்பின்படி அர்ராஸீ பிறந்தது ஹிஜ்ரி 251, ஷஅபான் மாதம் (கி.பி. 865). இளமையில் அவர் மருத்துவராக இருக்கவில்லை. ஊத் என்ற நரம்பு வாத்தியம் வாசித்தார், ரசவாதத்தில் ஈடுபட்டார், தத்துவம் படித்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மருத்துவத்தின் பக்கம் அவர் திரும்பியது வயது முப்பதைத் தாண்டிய பிறகுதான் என்பார்கள்.

தாமதமாக வந்தாலும் வேகமாக வளர்ந்தார். முதலில் சொந்த ஊரான ரய்யின் மருத்துவமனைக்குத் தலைவரானார். பின்னர் அப்பாஸிய கிலாஃபத்தின் தலைநகரான பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக இருந்தார். அக்காலத்தில் மருத்துவமனைக்கு பீமாரிஸ்தான் என்று பெயர்.

பக்தாதில் மருத்துவமனை கட்ட இடம் தேடியபோது, நகரின் பல மூலைகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எந்த இடத்தில் இறைச்சி கெடத் தாமதமானதோ அந்த இடத்தை அவர் தேர்ந்தெடுத்தார் என்ற கதையை நம்மில் பலர் கேட்டிருப்போம். மேடைகளில் நாமும் சொல்லியிருக்கிறோம். ஆனால் அந்தக் கதையில் வரும் அளுதுத் தவ்லாவின் மருத்துவமனை கட்டப்பட்டதோ அர்ராஸீ மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு. ஆகவே கதை இப்போது சொல்லப்படும் வடிவில் சரியாக இருக்க முடியாது. அவருடைய பெருமைக்கு இந்தக் கதை தேவையும் இல்லை. அவர் எழுதியவையே போதும்.

வட்டம் வட்டமாக மாணவர்கள்

அவர் நோயாளிகளைப் பார்த்த விதத்தை இப்னுந் நதீம் தம் ஃபிஹ்ரிஸ்த் நூலில் பதிவு செய்திருக்கிறார். ரய் நகரத்து முதியவர் ஒருவரிடம் கேட்டு எழுதியது அது. அர்ராஸீ பெரிய தலை கொண்ட ஒரு முதியவர். அவர் நடுவில் அமர்ந்திருப்பார். அவரைச் சுற்றி மாணவர்கள், அவர்களுக்கு வெளியே அந்த மாணவர்களின் மாணவர்கள், அவர்களுக்கும் வெளியே இன்னும் சிலர் என்று வட்டம் வட்டமாக இருப்பார்கள். நோயாளி வந்தால் முதலில் வெளிவட்டத்தில் இருப்பவரிடம் தன் நோயைச் சொல்வார். அவர்களுக்கு விளங்கினால் மருந்து சொல்வார்கள். விளங்காவிட்டால் அடுத்த வட்டத்துக்கு அனுப்புவார்கள். அங்கும் விளங்காதது மட்டும் கடைசியாக அர்ராஸீயிடம் வரும்.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தனக்குத் தெரியாததைத் தன்னிடமே வைத்துக் கொள்ள அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. தெரியவில்லை என்றால் அதிகம் தெரிந்தவரிடம் அனுப்பியாக வேண்டும்.

அதே குறிப்பில் அவருடைய தயாள குணமும் வருகிறது. ஏழை நோயாளிகளிடம் மிகுந்த இரக்கம் காட்டினார். மருத்துவம் பார்த்ததோடு அவர்களுக்குச் செலவுக்கும் பணம் கொடுத்தார். அவரிடம் போகும்போதெல்லாம் அவர் எதையாவது எழுதிக் கொண்டோ, எழுதியதைப் படியெடுத்துக் கொண்டோதான் இருப்பார் என்றும் அந்த முதியவர் சொல்லியிருக்கிறார்.

மருத்துவர் கிடைக்காத ஊர்களில் இருப்பவர்களுக்காகவே அவர் தனி நூல் எழுதினார். மருத்துவர் அருகில் இல்லாதவருக்கு என்பதே அதன் பெயரின் பொருள். எளிதில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு என்ன செய்யலாம் என்று அதில் சொன்னார். ஒருபக்கம் ரய் நகர ஆளுநர் மன்ஸூர் இப்னு இஸ்ஹாக்குக்கு அல்மன்ஸூரீ என்ற மருத்துவ நூலை எழுதிக் கொடுத்தவர், மறுபக்கம் ஏழைக் குடிமகனுக்கும் எழுதினார். அந்த மன்ஸூரீ நூலிலேயே மக்களை ஏமாற்றும் போலி வைத்தியர்களின் தந்திரங்களையும் வெளிப்படுத்தினார்.

ஜுதரீயும் ஹஸ்பாவும்

அவருடைய பெயரை உலகம் முழுவதும் கொண்டு சென்றது ஒரு சிறிய நூல். பெரியம்மைக்கு அரபியில் ஜுதரீ என்று பெயர். தட்டம்மைக்கு ஹஸ்பா. மணல்வாரி அம்மை என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். இந்த இரண்டையும் பற்றி 14 அத்தியாயங்களில் எழுதினார். அவருக்கு முன்பும் இந்நோய்களைப் பற்றிச் சிலர் எழுதியதுண்டு. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடையாளங்களைப் பிரித்துக் காட்டிய பழைய நூல்களில் நம் கைக்குக் கிடைப்பது இதுதான்.

உடம்பில் கொப்புளம் வந்த பிறகு நோயைச் சொல்வது எளிது. அதற்கு முன்பே சொல்ல முடியுமா என்பதே அவருடைய கேள்வி. அதற்காகப் பல நோயாளிகளின் பக்கத்தில் அமர்ந்து கவனித்தார். விடாத காய்ச்சல், முதுகு வலி, மூக்கில் அரிப்பு, தூக்கத்தில் திடுக்கிட்டு அலறுவது, உடம்பெங்கும் குத்துவது போன்ற உணர்வு, முகமும் கண்ணும் சிவந்து போவது, தொண்டையில் வலி ஆகியவற்றைப் பெரியம்மை வரப் போவதன் அடையாளங்களாக எழுதினார். முதுகு வலி மிகுந்திருந்தால் அது ஜுதரீயின் பக்கம் சாய்கிறது. முதுகு வலி குறைந்து, குமட்டலும் தவிப்பும் மிகுந்திருந்தால் ஹஸ்பாவின் பக்கம் சாய்கிறது என்று பிரித்தார்.

கொப்புளங்கள் வெளியே வந்த பிறகு எது பிழைக்கும் நோய், எது உயிருக்கு ஆபத்தான நோய் என்பதையும் எழுதினார். கொப்புளங்கள் வெண்மையாக, தனித்தனியாக, குறைந்த எண்ணிக்கையில், எளிதாக வெளிவந்து, காய்ச்சலும் தணிந்தால் நல்ல அறிகுறி. ஒன்றோடொன்று சேர்ந்து, பச்சையாகவோ கருமையாகவோ மாறி, அவை வந்த பிறகும் காய்ச்சல் கூடினால் கெட்ட அறிகுறி.

நோய் உடம்பை விட்டுப் போகும்போது எதை எடுத்துக் கொண்டு போகும் என்றும் யோசித்தார். கண்ணுக்கும் தொண்டைக்கும் காதுக்கும் மூட்டுகளுக்கும் என்ன பாதுகாப்பு என்று எழுதினார். அறிகுறி தெரிந்தவுடனே கண்ணைக் காக்கும் வேலையைத் தொடங்க வேண்டும், குளிர்ந்த நீரால் முகத்தையும் கண்ணையும் பகலில் பலமுறை கழுவ வேண்டும், பன்னீர் விட வேண்டும் என்றார். பெரியம்மை பலருடைய கண்களைப் பறித்துச் சென்ற காலம் அது. குழந்தை உயிர் பிழைத்தது என்பதோடு அவர் நிற்கவில்லை. பிழைத்த குழந்தை பார்வையோடு வாழ வேண்டுமே என்று கவலைப்பட்டார்.

யாருக்கு இந்நோய் அதிகம் வருகிறது என்பதும் அவர் பார்வையில் இருந்தது. குழந்தைகளில் தப்புவோர் மிகக் குறைவு, முதியவர்களுக்கு அரிதாகவே வருகிறது என்று கண்டார். குழந்தை நோய்களுக்கென்றே அவர் பெயரில் ஒரு சிறு நூலும் லத்தீன் மொழிபெயர்ப்பில் பிழைத்திருக்கிறது.

அவர் தவறிய இடம்

அவர் கண்டது சரி. ஆனால் காரணம் சொன்னதில் தவறினார். குழந்தையின் இரத்தம் புதிதாகப் பிழிந்த திராட்சைச் சாறு போன்றது, அது பொங்கி நுரைத்து அடங்கும்போது பெரியம்மை வருகிறது என்றார். அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது என்று அந்த நூலில் அவர் சொல்லவில்லை. வைரஸ் என்ற ஒன்று இருப்பது தெரிய இன்னும் ஆயிரம் ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது. ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு மீண்டும் பெரியம்மை வராததற்குக் காரணம் நோய் எதிர்ப்புச் சக்தி என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

இதை நாம் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம், அவரே அப்படிச் சொல்லச் சொன்னவர் என்பதுதான். மருத்துவத்தின் பேராசானாக எல்லோரும் போற்றிய ஜாலீனூஸ் என்ற கேலனை அவர் ஆசானாக மதித்தார். ஆனாலும் கேலன் மீதான ஐயங்கள் என்று தனி நூல் எழுதி, தம் நோயாளிகளிடம் கண்டதற்கு மாறாக இருந்த இடங்களை எடுத்துக் காட்டினார். ஆசானை மதிப்பது வேறு, கண்ணால் கண்டதை மறைப்பது வேறு என்பது அவர் வழி. அவருடைய தவறுகளைப் பின்வந்தவர்கள் திருத்தியதும் அதே வழியில்தான்.

அகீதா விஷயத்திலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். படைப்புக்கு முந்திய அநாதியானவை ஐந்து என்ற அவருடைய தத்துவக் கொள்கையையும், நுபுவ்வத் குறித்து அவர் சொன்னதாக எதிர்வாதிகள் எழுதி வைத்திருப்பவற்றையும் நம் உலமாக்கள் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். அந்த நூல்கள் இன்று முழுமையாக நம் கையில் இல்லை. தீனை நாம் அவரிடமிருந்து எடுப்பதில்லை. ஆனால் அவருடைய மருத்துவத்தை முஸ்லிம் உலகம் நூற்றாண்டுகளாக எடுத்துப் பயன்படுத்தியது. ஒருவரிடம் உள்ள நன்மையை எடுத்துக் கொள்ளவும், ஏற்க முடியாததை விடவும் நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஸிர்ஸாமும் நாம் செய்த தவறும்

பெரியம்மையை விட நம் மனத்தை உறுத்தும் இன்னொரு பகுதி அவருடைய குறிப்புகளில் உண்டு. மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வரும் வீக்கத்துக்கு அக்கால மருத்துவர்கள் ஸிர்ஸாம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்று மூளைக்காய்ச்சல் என்றும் மெனிஞ்சைட்டிஸ் என்றும் சொல்கிறோமே, ஏறத்தாழ அது. இந்த நோய் முற்றுவதற்கு முன் வரும் அடையாளங்களை அவர் எழுதி வைத்தார். சில நாட்கள் விடாமல் தலையும் கழுத்தும் வலிக்கும். நோயாளி மந்தமாக இருப்பார். வெளிச்சத்தைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக் கொள்வார். கண்ணில் நீர் வடியும். கொட்டாவி விட்டுக் கொண்டே இருப்பார், தூக்கம் வராது, களைத்துப் போவார்.

இந்த அடையாளங்களைக் கண்ட நோயாளிகளில் ஒரு சாராருக்கு இரத்தம் குத்தி எடுத்தார். இன்னொரு சாராரை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே எடுக்காமல் விட்டார். இரத்தம் எடுப்பது நன்மை தருகிறது என்று முடிவு செய்தார். அந்த முடிவு தவறு என்று இன்று நமக்குத் தெரியும். ஆனால் ஒரு சிகிச்சை பலிக்கிறதா என்று அறிய இரண்டு சாராரை ஒப்பிட வேண்டும் என்ற எண்ணம் சரியானது. இன்றைய மருந்துச் சோதனைகளும் இந்த எண்ணத்தின் மீதே நிற்கின்றன.

அந்த அடையாளங்களை முதன்முதலாகப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். காரணம் இதுதான். சில ஆண்டுகளுக்கு முன்பு மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில், ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய நன்னா தோளில் போட்டுக் கொண்டு பள்ளிவாசலுக்கு வந்தார். இரண்டு நாளாகக் காய்ச்சல், கழுத்து வலிக்கிறது என்கிறான், ஓதிப் பாருங்கள் ஹஜ்ரத் என்றார். ட்யூப் லைட் வெளிச்சம் பட்டதும் பையன் முகத்தை அவர் தோளுக்குள் புதைத்துக் கொண்டான். நாம் ஃபாத்திஹாவும் ஃபலக்கும் நாஸும் ஓதி ஊதினோம். தண்ணீரிலும் ஓதிக் கொடுத்தோம். காலையில் சரியாகிவிடும், இன்ஷா அல்லாஹ் என்று அனுப்பி வைத்தோம்.

அன்று நள்ளிரவில் அவனுக்கு வலிப்பு வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். பாக்டீரியாவால் வந்த மூளைக்காய்ச்சல் என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக் கொண்டான். ஆனால் இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டது. இப்போது ஜும்ஆவில் முன் ஸஃபில் உட்கார்ந்து நம் வாயையே பார்த்துக் கொண்டிருக்கிறான்.

நாம் ஓதியது தவறு அல்ல. ஓதிப் பார்ப்பது சுன்னத். ஓதியதோடு வீட்டுக்கு அனுப்பியதுதான் தவறு. ஓதிவிட்டு, ஆட்டோ பிடித்து அந்த நிமிடமே மருத்துவமனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அர்ராஸீயின் வெளிவட்டத்தில் அமர்ந்திருந்த ஓர் இளம் மாணவன்கூட அந்தப் பையனை அடுத்த வட்டத்துக்கு அனுப்பியிருப்பான். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

பார்வை போன கடைசிக் காலம்

அர்ராஸீ தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே எழுதிய ஒரு சிறு நூல் உண்டு. அதில் தம் உழைப்பைச் சொல்கிறார். ஒரே ஆண்டில் இருபதாயிரம் பக்கங்களுக்கு மேல், தாயத்து எழுதுவது போன்ற பொடி எழுத்தில் எழுதியதாகவும், பெரிய நூல் ஒன்றுக்காக 15 ஆண்டுகள் இரவு பகலாக உழைத்ததில் பார்வை மங்கி, கைத் தசையும் தளர்ந்துவிட்டதாகவும் குறிப்பிடுகிறார். அதன் பிறகும் பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், பிறர் கையால் எழுத வைத்தார்.

கடைசியில் பார்வை முழுவதும் போய்விட்டது. சிகிச்சை செய்ய மாணவர் ஒருவர் முன்வந்தபோது, மரணம் நெருங்கிவிட்ட நேரத்தில் அந்த வேதனை எதற்கு என்று மறுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். மற்றவர்களின் குழந்தைகளுக்குக் கண் போய்விடக் கூடாதே என்று எழுதியவர், தம் கண்ணை எழுத்துக்கே செலவிட்டு முடித்தார். ஹிஜ்ரி 313, ஷஅபான் மாதத்தில் (கி.பி. 925) ரய் நகரில் மறைந்தார்.

அவர் வீட்டில் கட்டுக் கட்டாகக் குறிப்புகள் கிடந்தன. ஒவ்வொரு நோய்க்கும் முன்னோர் சொன்னது, அதன் கீழே தாம் நேரில் கண்டது என்று எழுதி வைத்திருந்தார். அமைச்சராக இருந்த இப்னுல் அமீத் அவற்றை அர்ராஸீயின் சகோதரியிடமிருந்து பெற்று, மாணவர்களைக் கொண்டு தொகுக்க வைத்தார். அதுவே அல்ஹாவீ என்ற மாபெரும் தொகுப்பு. 1279இல் அது லத்தீன் மொழிக்குப் போனது. நம் நாட்டில் ஹைதராபாதின் தாயிரத்துல் மஆரிஃப் அல்உஸ்மானிய்யா 1955இல் தொடங்கி அதன் அரபு மூலத்தை 23 பாகங்களாக அச்சிட்டது. பெரியம்மை, தட்டம்மை பற்றிய சிறுநூலோ 1498 முதல் 1866 வரை ஐரோப்பாவில் சுமார் 40 முறை அச்சேறியது.

மர்கா நகரத்துச் சமையல்காரர்

அவர் எழுதிய ஜுதரீ இன்று உலகத்தில் இல்லை. இயற்கையாகப் பெரியம்மை வந்த கடைசி மனிதர் ஒரு முஸ்லிம். சோமாலியாவின் மர்கா நகர மருத்துவமனையில் சமையல்காரராக இருந்த அலீ மாஓ மாலின். 1977 அக்டோபரில் பெரியம்மை நோயாளிகள் இருவரை ஏற்றி வந்த வண்டியில் வழிகாட்ட ஏறினார். சில நிமிடப் பயணம்தான். தொற்றிவிட்டது. ஊசி வலிக்கும் என்று பயந்து அவர் தடுப்பூசி போடாமல் இருந்தார். நோய் வந்தபோது முதலில் மலேரியா என்றார்கள், பிறகு சின்னம்மை என்றார்கள். கடைசியில்தான் பெரியம்மை என்று தெரிந்தது. உடனே அவரோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து, ஊரில் பல்லாயிரம் பேருக்குத் தடுப்பூசி போட்டார்கள். அவரிடமிருந்து வேறு யாருக்கும் பரவவில்லை. 1980 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தது.

மாலின் பிழைத்தார். பின்னாளில் போலியோ தடுப்புப் பணியில் சேர்ந்து, தயங்கும் பெற்றோர்களிடம் தம் கதையைச் சொல்லிப் புரிய வைத்தார். 2013இல் அந்தப் பணியில் இருக்கும்போதே மலேரியாவால் மறைந்தார்.

ஜுதரீ போய்விட்டது. ஹஸ்பா போகவில்லை. தட்டம்மை இன்றும் நம் தெருக்களில் இருக்கிறது.

நம் வீடுகளில் செய்ய வேண்டியவை

அம்மை போட்டால் மருந்து கொடுக்கக் கூடாது, டாக்டரிடம் போகக் கூடாது என்ற எண்ணம் நம் வீடுகளிலும் ஒட்டிக் கொண்டிருக்கிறது. இதற்கு மார்க்கத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய நிவாரணம் இல்லாமல் இறக்கவில்லை என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. நோயுற்ற ஒட்டகத்தை நலமான ஒட்டகத்தோடு சேர்க்க வேண்டாம் என்றும், கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருந்து தப்பி ஓடவும் வேண்டாம் என்றும் கற்றுக் கொடுத்த மார்க்கம் நம்முடையது.

தட்டம்மை சாதாரண சளி போலத்தான் தொடங்கும். காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு. சில நாட்கள் கழித்துக் காதுக்குப் பின்னாலும் முகத்திலும் தடிப்பு தொடங்கிக் கீழே இறங்கும். தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பிருந்து, வந்த பின் நான்கு நாள் வரை மற்றவர்களுக்குப் பரவும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்கு வரக்கூடிய நோய் இது. நிமோனியா, வயிற்றுப்போக்கு, மூளைக்காய்ச்சல், பார்வை இழப்பு வரை கொண்டு போகும். வைட்டமின் ஏ கொடுப்பது கண்ணையும் உயிரையும் காக்க உதவும். அதை எந்த அளவில் கொடுப்பது என்று மருத்துவர் சொல்வார். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது. அந்த நாட்களில் பிள்ளையை மக்தபுக்கோ நிக்காஹ் வீட்டுக்கோ அழைத்துப் போகக் கூடாது.

யாருக்கு ஆபத்து அதிகம் என்பதைக் குடும்பத்தில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தடுப்பூசி போடும் வயது வராத கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், சத்துக் குறைவான பிள்ளைகள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக் கொள்பவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், சர்க்கரை நோயுள்ள முதியவர்கள். இவர்களுக்குக் கடும் தொற்று வந்தாலும் காய்ச்சல் இலேசாகவே இருக்கலாம். முதியவர்களுக்கு வெறும் தடுமாற்றமாகவோ, சாப்பிட மறுப்பதாகவோ மட்டும் தெரியலாம். புற்றுநோய் மருந்து ஏற்றிக் கொள்பவருக்குக் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நோயாளி வீட்டில் நலம் விசாரிக்கப் போகும்போது நமக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் போகாமல் இருந்து துஆ செய்வதே நன்மை.

வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், கழுத்து விறைப்பு, வெளிச்சம் பிடிக்காமை, விலா எலும்பு உள்ளிழுக்கும் வேக மூச்சு, பால் குடிக்க முடியாமை, கண்ணாடிக் கோப்பையை வைத்து அழுத்தினாலும் மறையாத தடிப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓதுவதை வழியில் ஓதிக் கொள்ளலாம்.

தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசியை அரசு இலவசமாகப் போடுகிறது. 9 மாதம் முடிந்ததும் முதல் தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது தவணை. 2017இல் தமிழகத்தில் இதற்கான பெரிய முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளை நம்பிப் பலர் தயங்கியது நினைவிருக்கும். நம் பிள்ளைக்கு ஊசி போடுவது பக்கத்து வீட்டின் ஆறு மாதக் குழந்தைக்கும் பாதுகாப்பு. அண்டை வீட்டார் உரிமையில் இதுவும் சேரும். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிறவர்களுக்கு ஸஊதி அரசு மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியிருப்பதும் இதற்காகத்தான். 1987 ஹஜ்ஜின்போது அந்த நோய் ஹாஜிகளிடையே பரவி, அவர்கள் ஊர் திரும்பியபோது பல நாடுகளுக்கும் போனது. பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் அந்த ஊசியைப் போட்டுக் கொள்ள வேண்டும். சான்றிதழ் மட்டும் வாங்கிக் கொண்டு ஊசி போடாமல் போவது தன்னையும் ஏமாற்றி, ஹாஜிகளுக்கும் தீங்கு செய்வதாகும்.

கடைசியாக ஒரு சிறு வேலை. வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் எப்போது தொடங்கியது, எத்தனை டிகிரி, என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், எத்தனை முறை சிறுநீர் போனது, தடிப்பு எங்கே தொடங்கியது என்று எழுதுங்கள். மருத்துவர் கேட்கும்போது அது உதவும். அர்ராஸீ வாழ்நாள் முழுவதும் செய்தது இதைத்தான்.

பள்ளிவாசலில் ஓதிப் பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் சொல்லிக் கொள்கிறோம். குழந்தையைக் கொண்டு வந்தால் ஓதுவோம். ஓதும்போது கண்ணைத் திறந்து குழந்தையைப் பார்ப்போம். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அனுப்புவோம்.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளுக்கும் எங்கள் வீடுகளில் உள்ள பலவீனர்களுக்கும் பரிபூரண ஷிஃபாவைத் தருவாயாக. நோயை நேரத்தில் அறியும் அறிவையும், அறிந்தபின் தாமதிக்காத மனத்தையும் எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.